ஊசிக்காகப் போட்ட மெட்டி

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாசனை எங்கே வந்தாலும் என் பாதங்கள் தாமாகவே சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். கை ஒளிந்தால் நியாயம் உண்டு, ஊசி கையில்தானே போடுகிறார்கள். என் உடம்பில் ஊசிக்குப் பயப்படுவது கால் விரல். போன வாரம் பேரனுக்கு ஒன்பதாம் மாதத்து ஊசி போட மகளோடு போயிருந்தேன். வாசனை வந்தது, இரண்டு காலையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். மகள் கவனித்துவிட்டாள்.

"அம்மா, இப்ப உனக்கு நிஜமாவே கல்யாணம் ஆயிடுச்சு. காலை வெளிய நீட்டலாம்."

சிரித்தேன். (ஒரே கேலிக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் சிரித்துக்கொண்டிருப்பது சம்பளமில்லாத உத்தியோகம். ராஜினாமாவும் செய்ய முடியாது.)

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அப்பாவுக்கு மயிலாப்பூரில் எவர்சில்வர் பாத்திரக் கடை, கடைக்கு மேலே வீடு. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அழும்போதும் கீழே யாராவது ஓர் அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தத்தின் மேல்தான் எங்கள் வீடு மிதந்தது. அதனால்தான், புருஷனுக்கு வெளியூர் வேலை என்று எங்களோடு இருந்த என் அக்கா சங்கரிக்கு வள்ளி பிறந்தபோது தெருவே மெச்சியது. "என்ன பொறுமையான பிள்ளை, குட அடுக்கு சரிஞ்சாலும் கண்ணு முழிக்கல பாரு." மாதக்கணக்காக மெச்சினோம். ஒரு நாள் மத்தியானம் அக்கா தூங்கும் பிள்ளையின் தலைமாட்டில் நின்று ஒரு தாம்பாளத்தை வேண்டுமென்றே கீழே போட்டாள். கீழே கடையில் அப்பா பதறி எழுந்த சத்தம் கேட்டது. வள்ளி அசையவில்லை. அக்கா குனிந்து தாம்பாளத்தை எடுத்தாள். மறுபடி போட்டாள்.

அக்கா மாசமாக இருந்த மூன்றாம் மாதத்தில் அவள் உடம்பெல்லாம் மெல்லச் சிவந்து பொரிந்திருந்தது. லேசான காய்ச்சல். இரண்டு மூன்று நாளில், வாசலில் வந்து நின்று விலாசம் மட்டும் கேட்டுவிட்டுப் போனவனைப் போல, வந்த சுவடில்லாமல் போய்விட்டது. அம்மா அதை வேர்க்குரு என்று சொல்லி நுங்குத் தண்ணீர் தடவினாள். அதன் பெயர் ரூபெல்லா, அது தாயை லேசாகத் தொட்டுவிட்டு வயிற்றுப் பிள்ளையின் காதை எடுத்துக்கொண்டு போகும் என்று டாக்டர் சொன்னபோது வள்ளி நடக்கவே ஆரம்பித்திருந்தாள்.

"இதுக்கு ஊசி கிடையாதா" என்று மட்டும் அக்கா கேட்டாள்.

இருந்தது. பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்போது போட வேண்டியது. அப்போது விட்டால் பள்ளிக்கூடம் போகும் வயதில். அதையும் விட்டால், பெண்பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு முன்னாலாவது போட்டுவிட்டு, மூன்று மாதம் பிள்ளை உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்காவும் நானும் பதினைந்து மாதத்தில் தத்தி நடந்துகொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு ஊசியைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில், என் இருபத்துநாலாம் வயதில், தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று காலையிலேயே வள்ளியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் அம்மா. மாப்பிள்ளையின் தாயார் ஆவுடையம்மாள் (இனி அத்தை) காப்பியை ஆற்றிக்கொண்டே, "மூத்தவளுக்குப் பிள்ளைங்க?" என்று கேட்டாள்.

"ஒரு பொட்டப்பிள்ளை. ஊர்ல, அவ அப்பாவப் பெத்த ஆச்சிகிட்ட வளருது" என்றாள் அம்மா, கண் சிமிட்டாமல். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் நாளைக்கு எனக்குப் பிறப்பதும் அப்படித்தான் இருக்கும் என்று சம்பந்தம் முறிந்துவிடும், அதுதான் பயம். அக்கா கையில் காப்பித் தட்டோடு நின்றாள். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"எனக்குப் பட்டு எடுக்க வேண்டாம். ஒண்ணும் செய்ய வேண்டாம். கழுத்துல தாலி ஏறுமுன்ன அந்த ஊசியப் போட்டுக்க. அது போதும் எனக்கு."

அம்மா இழுத்தடித்தாள். ஐப்பசியில் தீபாவளி வேலை. கார்த்திகையில் தீபம். "நிச்சயமான பொண்ணு ஆஸ்பத்திரிப் படி ஏறுனா என்ன பேசுவாவ?" தையில் கல்யாணம் என்றிருக்க, மார்கழி பிறந்த பிறகுதான் இறங்கி வந்தாள். "ஒருத்தர் கண்ணுலயும் படாம போய்ட்டு வந்துரு."

மயிலாப்பூர் டாக்டர்கள் பாதிப் பேர் அப்பா கடையில் குக்கர் வாங்கியவர்கள், அங்கே போக முடியாது. அந்த மருந்தும் குழந்தை டாக்டர்களின் ஃப்ரிட்ஜில்தான் இருக்கும் என்று சொன்னார்கள். ஆக, ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடையாறில் ஒரு குழந்தை டாக்டர்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணிய விரலில் எல்லாம் தழும்பு இருக்கும்.

குழந்தை டாக்டரிடம் ஒரு வளர்ந்த பெண் தனியாகப் போய் உட்கார்ந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். ஒரு பிள்ளையோடு போனால் யார் பார்க்கப் போகிறார்கள்? வள்ளிக்கு அப்போது ஆறு வயது. அக்காவுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை, "சித்தியோட போய்ட்டு வரட்டுமே" என்றாள். போகும் முன் மகளை உட்கார வைத்து எங்கள் வீட்டுக் கைப்பேச்சில் எல்லாவற்றையும் விளக்கினாள். சித்திக்கு ஊசி. கொஞ்சம்தான் வலிக்கும். அப்புறம் ஒரு நாள் சித்தி வயிற்றில் பாப்பா. அந்தப் பாப்பாவுக்குக் காது. வள்ளி கடைசி சைகையை மட்டும் இன்னொரு முறை செய்யச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். படியிறங்கும்போது என் வெறும் கால் விரல்கள் கண்ணில் பட்டன. பிள்ளை இருக்கிறது, மெட்டி இல்லையே, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? (ஐயா, இந்தத் தர்க்கத்தைக் கொஞ்சம் நின்று ரசித்துவிட்டுப் போங்கள்.) திரும்ப மேலேறி, அக்காவின் மேசை இழுப்பறையில் கிடந்த பழைய மெட்டி ஜோடியை எடுத்து விரலில் ஏற்றிக்கொண்டேன். அக்காவுக்குக் கால் சிறியது. ஏறும்போதே விரல் முனகியது.

மழை தூறிக்கொண்டிருந்தது. மந்தைவெளி தாண்டி, பாலம் தாண்டி, ஆற்றின் சேற்று வாடையைக் குடித்துக்கொண்டே பஸ் ஊர்ந்தது. ஜன்னல் கம்பியில் ஒவ்வொரு துளியும் தொங்கித் தயங்கி விழுவதை வள்ளி விரலால் தொட்டுத் தொட்டு விழவைத்தாள். எனக்கு விரல் விண்விண்ணென்று தெறித்தது. கல்யாணமான பெண்கள் எல்லாரும் இப்படித்தான் நடக்கிறார்களா, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காத்திருப்பு அறையில் ஈரக் குடைகள், அழுகை, பவுடர், கக்கிய பால், எல்லாவற்றுக்கும் மேலே ஸ்பிரிட். பெயர் பதிந்துகொண்டிருந்த நர்ஸம்மா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"கொயந்த பேரு?"

"கோமதி" என்றேன். ஊசி எனக்குத்தானே.

"வயசு?"

"இருபத்திநாலு."

இப்போது நிமிர்ந்தாள். என்னை அல்ல, வள்ளியைப் பார்த்தாள். "இருபத்திநாலு மாசத்துக்கு இம்மாம் வளத்தியா? இன்னாமா குடுக்கிற?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பெஞ்சிலிருந்த அத்தனை தாய்மார்களும் பதிலுக்காகத் திரும்பினார்கள்.

"கேவுரு கஞ்சி" என்றேன்.

பின்னால் ஒருத்தி மறுநாளே செய்யப் போகிறவள் போலத் தலையாட்டினாள். நான் மூலையில் போய் வள்ளியை மடியில் இருத்திக்கொண்டேன். வேஷம் பொருந்திவிட்டது. கொஞ்ச நேரம் உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. யாரோ ஒருத்தியின் சேலையில் யாரோ ஒருத்தியின் பிள்ளையின் சூடு, வெளியே மழை. அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

கதவு திறந்தது. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடையை உதறியபடி, ஆவுடை அத்தை.

தி. நகரில் இல்லாத குழந்தை டாக்டரா? ஆனால் இந்த ஊரில் ஒரு டாக்டருக்குக் கைராசி என்று பெயர் வந்துவிட்டால் ஜனங்கள் ஆற்றையே தாண்டுவார்கள். நான் மறைவதற்காகத் தேர்ந்தெடுத்த இடம் ஊரில் பாதிப் பேர் தேடி வரும் இடம்.

மெட்டியைக் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. விரல் அதற்குள் கொழுக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. அத்தை என்னைப் பார்த்துவிட்டாள். ஜவுளிக்காரர்களின் பார்வை தலைப்பில் தொடங்கிக் கரையில்தான் முடியும். என் முகம், மடியில் வள்ளி, சேலையின் கொசுவம், கரை, கரைக்குக் கீழே மெட்டி.

"கோமதியா?"

"ஆமா அத்தை."

"இங்க என்ன செய்யுத?"

"சும்மா வந்தேன்." (குழந்தை டாக்டரிடம் சும்மா வருகிற ஜாதி ஒன்று உண்டு என்பது போல.)

"இது யாரு பிள்ளை?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளை அத்தை."

அத்தையின் கண் கீழே போனது. "காலுல கெடக்கது?"

"அதுவும் பக்கத்து வீட்டோடதுதான்."

அத்தை எதிர் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள். விலை சொல்லிவிட்ட பிறகு துணியில் கறை கண்டவளின் முகம். அந்த நேரம் பார்த்து வள்ளிக்கு உபசார புத்தி வந்தது. புதிதாக வந்த ஆச்சிக்கு விஷயம் தெரியவில்லை, பாவம், நாம் சொல்வோம் என்று மடியிலிருந்து இறங்கினாள். என்னைச் சுட்டினாள். கையில் ஊசி குத்திக் காட்டினாள். பிறகு என் வயிற்றின் மேல் தன் இரண்டு கையாலும் ஒரு பெரிய பானையை வரைந்து, அதன் மேல் செல்லமாகத் தட்டினாள்.

அறையில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

"எத்தன மாசம்?" என்றாள் அத்தை, தாழ்ந்த குரலில்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து நர்ஸம்மா வெளியே வந்தாள். "கோமதி, ரெண்டு வயசு, ஊசி. யாரு? தோ, கேவுரு கஞ்சி." வந்த வேகத்தில் வள்ளியின் கையைப் பிடித்துச் சட்டைக் கையைச் சுருட்டி, குளிர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தேன். வள்ளி ஊசியைப் போட்டுக்கொள்ளட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஊசி போட வந்தேன் என்று கதை நிற்கும், கல்யாணம் பிழைக்கும். அந்த ஒரு மூச்சில் அவள் என்னைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை. பெரியவர்கள் மறுபடி எதையோ குழப்பிவிட்டார்கள் என்கிற பொறுமை. நர்ஸம்மாவின் பிடியிலிருந்து கையை உருவினாள், என்னிடம் வந்தாள், என் ரவிக்கைக் கையைத் தன் சின்ன விரல்களால் மேலே சுருட்டினாள், அந்த இடத்தை ஊதினாள். கொஞ்சம்தான் வலிக்கும் என்று அவள் அம்மா சொன்ன சைகையை எனக்குச் சொன்னாள்.

"எனக்குத்தாங்க ஊசி" என்றேன். குரல் கீழே கடை வரைக்கும் கேட்க வளர்ந்த குரல், அறை முழுக்க விழுந்தது. "நான்தான் கோமதி. இருபத்திநாலு வருஷம், மாசம் இல்ல. எனக்குக் கல்யாணம் ஆகல. இந்த மெட்டி என்னோடது இல்ல, கழட்ட வரல. இது என் அக்கா பிள்ளை. காது கேக்காது."

நர்ஸம்மா பஞ்சைக் கையில் வைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

அத்தை எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் பேரனை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நான் காலம்பற இன்னும் காப்பிகூடக் குடிக்கல. கொஞ்சங்கொஞ்சமா சொல்லாத, மொத்தமாச் சொல்லு."

மொத்தமாகச் சொன்னேன். வேர்க்குரு, தாம்பாளம், அக்கா கேட்ட ஊசி, அம்மாவின் தீபாவளி, தீபம். சொல்லச் சொல்ல அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. பொய்க்கு இவ்வளவு சாமான் வேண்டியிருக்கிறது, உண்மைக்கு ஒரு பையே போதும்.

"ஊர்ல ஆச்சிகிட்ட வளருதுன்னு உங்கம்மா சொன்ன பிள்ளை இதுதானா?"

"ஆமா அத்தை."

எங்கள் இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா களைத்துப்போன மனுஷி. காலையிலிருந்து எத்தனை பேரிடம் இதையே சொன்னாரோ. என் கையில் ஊசியை இறக்கியபடியே அத்தையிடம் கேட்டார்.

"பேரனுக்குப் பதினஞ்சு மாசம் எப்பவோ ஆயாச்சே, ஏன் இவ்வளவு நாள்?"

"ஊர்ல சாஸ்தா கோயில்ல காது குத்தணும். சாமிக்கு முன்ன ஊசி குத்த வேண்டாம்னு தள்ளிப் போட்டேன். இன்னைக்கும் வயித்துக் கோளாறுக்குத்தான் வந்தேன்."

"பிறந்தப்பவே ஒரு ஊசி குத்தியாச்சும்மா. சாமி ஒண்ணும் சொல்லலியே."

அத்தை யோசித்தாள். "இது மாசமா இருக்கவளுக்கு உள்ள ஆபத்துன்னு இவ சொல்லுதா. ஆம்பளப் பயலுக்கு எதுக்கு?"

"இவனுக்கு வந்தா ரெண்டு நாள்ல சரியாயிடும். இவனைத் தூக்கி வச்சுக் கொஞ்சறவங்க யாராவது மாசமா இருந்தா? அதுக்குத்தான் எல்லாப் பிள்ளைக்கும் போடறது. பதினஞ்சு மாசத்துல போட்டிருந்தா, இந்தப் பொண்ணு இப்ப மெட்டி மாட்டிக்கிட்டு வர வேண்டாம் பாருங்க."

வயிற்றைத் தட்டிப் பார்த்து, இந்தக் கோளாறு ஊசிக்குத் தடை இல்லை என்றும் சொன்னார்.

அத்தை வள்ளியைப் பார்த்தாள். வள்ளி மேசை மேலிருந்த ஸ்டெதஸ்கோப் குழாயை எடுத்து, தன் காதில் அல்ல, பையனின் வயிற்றில் வைத்துச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"இவனுக்கும் இப்பவே போட்டுருங்க" என்றாள் அத்தை. "சாஸ்தாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

பையன் வீறிட்டான். வள்ளி அவன் திறந்த வாயை ஆர்வமாக எட்டிப் பார்த்தாள். டாக்டரம்மா என்னிடம், மூன்று மாதத்துக்குக் குழந்தை வேண்டாம் என்று ஞாபகப்படுத்தினார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் மெட்டி தெரிந்தது, கூரையைப் பார்த்தேன்.

வெளியே மழைக்கு ஒதுங்கி நின்றபோது அத்தை சொன்னாள். "எங்க பய பி.காம்னு சொன்னோம்லா. ரெண்டு பேப்பர் இன்னும் நிக்கு."

கையை நீட்டி மழை விட்டதா என்று பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல. பேப்பர மறைக்கது வேற, பிள்ளைய மறைக்கது வேற. அத உங்கம்மாகிட்ட வந்து நானே கேட்டுக்கிடுதேன்."

கேட்டாள். அம்மா அழுதாள். அப்பா கடைக்குள் போய் எதையோ சத்தமாகத் துடைத்தார். கல்யாணம் நடந்தது. அந்தப் பழைய மெட்டியை ஊசி போட்ட அன்றே தேங்காய் எண்ணெய் விட்டு அக்காதான் உருவினாள், உருவும்போது ஒரு வார்த்தை திட்டவில்லை, சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது. அம்மியில் என் காலைத் தூக்கி வைத்து மாப்பிள்ளை மெட்டி போட்டபோது பெண்கள் பக்கத்திலிருந்து அத்தையின் குரல். "பயப்படாமப் போடுல, பழகுன விரலுதான்."

அதற்குப் பிறகு மூன்று மாத விவகாரம். புதுப்பெண்ணிடம் "விசேஷம் உண்டா" என்று கேட்பது எங்கள் ஆட்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. ஜவுளிக் கடையில் நான் தலைகாட்டும்போது யாராவது கேட்பார்கள். நான் வாய் திறக்குமுன் கல்லாவிலிருந்து அத்தை, "பங்குனி பாதி வரைக்கும் கிடையாது, டாக்டர் உத்தரவு" என்பாள். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த முன்பின் தெரியாத குடும்பங்கள்கூட என்னைப் பரிவாகப் பார்த்துவிட்டுப் போயின. என் கணவர் அந்தக் காலத்தில் மிச்சமிருந்த இரண்டு பேப்பருக்கும் விழுந்து விழுந்து படித்துப் பாஸாகிவிட்டார். (வேறு என்ன செய்வார், பாவம்.)

இப்போது மூன்று மாதம் வேண்டாம், ஒரு மாதம் பொறுத்தால் போதும் என்கிறார்கள். பிள்ளைகளுக்கும் ஒன்பதாம் மாதத்திலேயே ஒன்று, ஒன்றரை வயதையொட்டி இன்னொன்று. எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்கும் அந்த நாள் தவறாது. முதல் நாளே யாராவது போன் செய்து, "சித்தி, மெட்டி எடுத்து வச்சாச்சா" என்று கேட்டுவிடுவார்கள். இந்தக் கதையை எங்களில் நன்றாகச் சொல்பவள் வள்ளி. கையால் சொல்வாள். மெட்டி வரும் இடத்தில் தன் காலைத் தூக்கிச் சாப்பாட்டு மேசை மேலேயே வைத்துவிடுவாள், அக்கா அதட்டுவாள், கதை நிற்காது.

அத்தை இப்போது இல்லை. அவளை நினைத்தால் கல்லாவோ பட்டோ ஞாபகம் வருவதில்லை, அன்றைய அடையாற்று மழைதான் வருகிறது. ஆட்டோ வந்து நிற்கிறது. அழுது ஓய்ந்த பேரனை உள்ளே தள்ளிவிட்டு, ஏறி உட்கார்ந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்ப என் காலைப் பார்க்கிறாள், பிறகு வள்ளியை. தலையிலிருந்து கால் வரைக்கும், தலைப்பிலிருந்து கரை வரைக்கும்.

"நாளைக்குக் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வாரியள்லா. இவளையும் கூட்டிட்டு வா. பட்டுப்பாவாடைக்கு அளவெடுக்கணும், ஆளு வராம அளவெடுக்க முடியாது பாத்துக்க."